"அந்த ஊசி இதுக்கும் பிடிக்குமா?": தேசிய நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

இந்த நாட்டில் யாருக்கு எந்தத் தடுப்பூசி, எத்தனை தவணை, எவ்வளவு இடைவெளி என்று அரசுக்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். நான் மதுரைக்காரி. வைரஸ் ஆய்வகங்களில் 24 ஆண்டுகள் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். ரத்தம் எடுப்பது, அதிலிருந்து சீரம் என்ற தெளிந்த நீரைப் பிரிப்பது, எலிசா என்ற ஆன்டிபாடிச் சோதனை போடுவது, ஆன்டிபாடியின் வலிமையைச் சொல்லும் டைட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது, இதுவே என் பிழைப்பாக இருந்தது. டெங்குவில் தொடங்கி கொரோனா வரை எத்தனையோ பேருடைய ஆன்டிபாடியை, அதாவது கிருமியை ஒட்டிப் பிடிக்கும் ரத்தப் புரதத்தை, என் கையால் அளந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை நம்பித்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையில் காலம் தள்ளுகிறவர்கள், எழுபத்தைந்தைத் தாண்டிய முதியவர்கள், இவர்களுக்கு மட்டுமாவது இப்போது உலவும் வைரஸுக்குப் பொருந்தப் புதுப்பித்த கொரோனா தடுப்பூசி கிடைக்க வழி செய்யுங்கள். ஒவ்வொரு புதுத் திரிபு தலைகாட்டும்போதும் நம் மக்களின் சீரம் அதை எவ்வளவு தாங்குகிறது என்று சோதித்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்ல எங்கள் வீட்டுக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2025 மே மாதம் டிவியில் மறுபடி கொரோனா செய்தி ஓடியது. என்பி.1.8.1 என்று புதுத் திரிபு, தமிழ்நாட்டில் ஏப்ரலில் எடுத்த ஒரு மாதிரியில் அது இருந்தது என்று, கொரோனா வைரஸின் மாற்றங்களைக் கண்காணிக்கும் அரசு ஆய்வகக் கூட்டமைப்பான இன்சாகாக்கின் தரவைக் காட்டிச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே சித்தப்பா போன் செய்தார். "தாயி, நான் போட்ட ஊசி இதுக்கும் பிடிக்குமா?"

பிடிக்குமா என்று அவர் கேட்டதைவிடச் சரியான சொல் எங்கள் ஆய்வகத்திலும் கிடையாது. ஆன்டிபாடி செய்கிற வேலையே பிடிப்பதுதான். ஆனால் அன்று நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. 2022 ஜனவரி நினைவுக்கு வந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு 2016-இல் சிறுநீரக மாற்று நடந்தது. அன்றிலிருந்து டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், ப்ரெட்னிசோலோன் மூன்றையும் வேளை தவறாமல் விழுங்குகிறார். வந்த சிறுநீரகத்தை உடம்பு வெளியாள் என்று விரட்டாமல் இருக்க அந்த மாத்திரைகள் வேண்டும். தடுப்பூசி கற்றுக்கொடுக்கும் பாடம் உடம்பில் ஏறாமல் தடுப்பதும் அதே மாத்திரைகள்தான். 2021-இல் இரண்டு தவணை கோவிஷீல்டு போட்டார். டிசம்பரில் யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பணம் கட்டி ஆன்டிபாடி பார்த்தார். தாளில் இரண்டே வரி. முடிவு 38. அதற்குப் பக்கத்தில் 0.8-க்கு மேல் பாசிட்டிவ் என்று போட்டு, பாசிட்டிவ் என்ற சொல்லைப் பச்சையில் அடித்திருந்தார்கள். கீழே, தங்கள் உடலில் எதிர்ப்பு சக்தி உருவாகியுள்ளது என்ற பொருளில் ஒரு வாக்கியம்.

தை பிறந்ததும் சொந்தத்தில் கல்யாணம். நூறு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த நேரம். போக வேண்டாம், போனாலும் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "பேப்பர்லயே போட்ருக்கான் தாயி, பாசிட்டிவ்னு. இன்னும் என்ன?" பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாலாம் நாள் காய்ச்சல். பதினோரு நாள் ஆஸ்பத்திரி, அதில் ஆறு நாள் ஆக்சிஜன். ஆள் பிழைத்து வந்துவிட்டார். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 1.3-இல் இருந்து 2.4-க்கு ஏறியது, பிறகு பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஆன்டிபாடியை அளப்பதே தொழிலாக இருந்தும் அந்த 38-க்கு என்ன பொருள் என்று அவரை உட்காரவைத்து நான் விளக்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

அந்தத் தாள் பொய் சொல்லவில்லை. 38 என்பது உண்மையான எண். எதைப் பிடிக்கும் ஆன்டிபாடி 38 என்பதைத்தான் அது சொல்லவில்லை.

நாங்கள் எலிசா போடும் தட்டில் 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும், வைரஸின் மேலே முள் போல நீட்டி நிற்கும் ஸ்பைக் புரதத்தை, பெரும்பாலும் அதில் நம் செல்லைத் தொட்டு ஒட்டும் பகுதியை மட்டும், பூசியிருப்பார்கள். அதன்மேல் சீரத்தை விட்டு, ஒட்டாததைக் கழுவி, ஒட்டி நிற்பதை நிறமாக மாற்றி அளக்கிறோம். 2021-இல் நாங்கள் கையாண்ட கிட்களில் பூசியிருந்தது 2020-இன் தொடக்கத்தில் உலகத்துக்குத் தெரியவந்த முதல் வைரஸின் புரதம். கோவிஷீல்டு உடம்புக்குள் செய்யவைப்பதும் அதே முதல் வைரஸின் ஸ்பைக்தான். ஆக, பழைய படத்தைக் காட்டிப் பழக்கிய ஆன்டிபாடிக்கு அதே படத்தைக் காட்டிப் பரீட்சை வைத்திருக்கிறோம். பாஸ் ஆகாமல் என்ன செய்யும்? 2021 டிசம்பரில் தெருவில் உலவத் தொடங்கியதோ ஒமிக்ரான்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். கோவிஷீல்டு ஸ்பைக்குக்கு மட்டுமே ஆன்டிபாடி தரும். கோவாக்சின் முழு வைரஸைக் கொன்று செய்தது, ஆகவே உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் புரதத்துக்கும் ஆன்டிபாடி வரும். சில கிட்கள் அந்த உள் புரதத்தை மட்டுமே பார்ப்பவை. கோவிஷீல்டு போட்டவர் அந்தக் கிட்டில் பார்த்துவிட்டு, "எனக்கு ஊசியே ஏறவில்லை" என்று கண்ணீரோடு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கோவாக்சின் போட்டவருக்கு அதே கிட் பாசிட்டிவ் காட்ட, தனக்குத் தெரியாமலே கொரோனா வந்து போய்விட்டது என்று அவர் முடிவு கட்டியதையும் பார்த்திருக்கிறேன். எந்தத் தாளும் இந்த வித்தியாசத்தை எழுதவில்லை.

சரி, ஒட்டுகிற ஆன்டிபாடியெல்லாம் தடுக்கிற ஆன்டிபாடியா? இல்லை. தடுக்கிறதா என்று பார்க்க வேறு சோதனை உண்டு. டெங்குவுக்காக அதைப் பல வருடம் செய்திருக்கிறேன், கொரோனா காலத்தில் ஒரு உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டபோது மறுபடியும் செய்தேன். சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அதைப் படிப்படியாக நீர்க்க வேண்டும்: இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒன்று, எண்பதில் ஒன்று என்று இரண்டு இரண்டு மடங்காக. ஒவ்வொன்றோடும் உயிருள்ள வைரஸை ஒரே அளவில் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து, குரங்கின் சிறுநீரகச் செல்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும் குழிகளில் ஊற்ற வேண்டும். மேலே கூழ் போன்ற ஒரு படலம். சில நாள் பொறுத்து ஊதாச் சாயம் போட்டுக் கழுவினால், உயிரோடு இருக்கும் செல்கள் ஊதாவாக நிற்கும். வைரஸ் தின்ற இடம் மட்டும் வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டை. துணியில் கரையான் அரித்த மாதிரி இருக்கும். அந்த ஓட்டைகளை எண்ணுவதுதான் வேலை. எந்த அளவு வரைக்கும் நீர்த்த பிறகும் சீரம் ஓட்டைகளைப் பாதியாவது குறைக்கிறதோ, அதுதான் அந்த மனிதரின் டைட்டர்.

ஒமிக்ரானை வைத்து முதன்முதலாகப் போட்ட தட்டு என் கண்ணிலேயே நிற்கிறது. ஒரே ஆளின் சீரம். மேல் வரிசையில் பழைய வைரஸ், கீழ் வரிசையில் ஒமிக்ரான். மேல் வரிசை கடைசிக் குழி வரைக்கும் ஏறக்குறைய முழு ஊதா. கீழ் வரிசை இரண்டாம் குழியிலேயே ஓட்டை விழத் தொடங்கி, நாலாம் குழியில் ஊதாவே தெரியவில்லை. கவுனுக்குள் வேர்த்து ஊற்றியது. என் பக்கத்தில் நின்ற பெண், குழந்தை பெற்று எட்டு மாதம் ஆனவள், அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

உலகம் முழுக்க அதே வாரங்களில் இதையேதான் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அலெக்ஸ் சிகல் குழுவினர் ஃபைசர் ஊசி போட்டவர்களின் சீரத்தைச் சோதித்து, ஒமிக்ரானைத் தடுக்கும் திறன் முதல் வைரஸோடு ஒப்பிட்டால் 22 மடங்கு குறைவு என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். 2021 நவம்பர் 26-ஆம் தேதிதான் உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரானுக்குப் பெயரே வைத்தது. அதன் ஸ்பைக்கில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள், அதில் பதினைந்து, செல்லைத் தொட்டு ஒட்டும் அந்தச் சின்னப் பகுதிக்குள்ளேயே. ஆன்டிபாடிகள் கை வைக்கும் இடங்களாகப் பார்த்து மாறியிருந்தது.

அப்படியானால் ஊசி வீணா? இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை, அதற்குச் சரியான பதில் சொல்லாமல் விட்டதால் எவ்வளவோ வதந்தி பரவியது. வீண் இல்லை. 22 மடங்கு குறைந்தும் அந்த மூன்றாம் அலையில் இரண்டாம் அலையின் பிணக்குவியல் ஏன் இல்லை என்பதற்கு விடை ஆன்டிபாடியின் இயல்பிலேயே இருக்கிறது.

ஆன்டிபாடி என்று ஒருமையில் சொல்கிறோம். உண்மையில் அது பெருங்கூட்டம். தேர் வடத்தை ஆளுக்கோர் இடத்தில் பிடிக்கிற மாதிரி, ஸ்பைக்கின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் ஒவ்வொரு வகை ஆன்டிபாடி பிடிக்கிறது. பதினைந்து இடம் மாறினால் அந்த இடங்களைப் பிடித்தவை வழுக்கிவிடும், மாறாத இடத்தைப் பிடித்தவை விடாது. இதை மறுபக்கமாகக் காட்டியது, ஆன்டிபாடி காக்டெயில் என்று நாம் கேள்விப்பட்ட மருந்து. 2021 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது, ஒரு நோயாளிக்குச் சுமார் 60,000 ரூபாய். அதில் இருந்தவை இரண்டே வகை ஆன்டிபாடி. ஒமிக்ரான் வந்ததும் இரண்டுக்கும் பிடி போய்விட்டது, 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதன் பயன்பாட்டை முடக்கியது. 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவரின் செல்களிலிருந்து எடுத்த ஆன்டிபாடியை வைத்துச் செய்த சோட்ரோவிமாப் கொஞ்சம் அதிகமாகத் தாக்குப்பிடித்தது, ஒமிக்ரானின் கிளையான பிஏ.2 வந்தபோது அதுவும் கைவிடப்பட்டது. ஊசி போட்ட சாதாரண மனிதரின் உடம்பிலோ ஒன்றிரண்டு வகை இல்லை, பல நூறு வகை.

அந்தக் கூட்டமும் போட்ட ஊசியோடு நின்றுவிடுவதில்லை. நிணநீர்க் கணுக்களுக்குள், ஆன்டிபாடியைச் செய்யும் பி செல்கள் மாதக்கணக்கில் தங்கள் ஆன்டிபாடியைத் திருத்தித் திருத்தி எழுதுகின்றன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மிஷேல் நுஸன்ஸ்வைக் குழுவினர், தொற்று வந்து ஆறு மாதம் கழிந்தவர்களின் நினைவு பி செல்களை எடுத்துப் பார்த்தபோது, அவை முதல் மாதத்தில் இருந்ததைவிடக் கூர்மையான, பரந்த பிடி உள்ள ஆன்டிபாடிகளைச் செய்வதைக் கண்டார்கள். ரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டே போகும்போது உள்ளே தரம் ஏறிக்கொண்டிருக்கிறது. இதை எந்த எலிசா தாளும் காட்டாது. புதுத் திரிபு உள்ளே வந்தால் இந்த நினைவு செல்கள் சில நாளிலேயே விழித்து ஆன்டிபாடி கொட்டும். நுரையீரல் கெடுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அந்த இடைவெளிதான் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியது. டி செல்கள் வேறு இருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லையே அடையாளம் கண்டு கொல்லும் அவை புரதத்தின் பல துண்டுகளைப் பார்ப்பவை, பதினைந்து மாற்றம் அவற்றை அவ்வளவாக அசைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் லா ஹோயா ஆய்வு நிறுவனத்தில் ஷேன் க்ராட்டியும் அலெஸாண்ட்ரோ செட்டேயும் இதைக் காட்டினார்கள்.

சிட்னியில் மைல்ஸ் டேவன்போர்ட் குழுவினர் 2021-இல் போட்ட கணக்கு ஒன்றையும் நீங்கள் அறிவீர்கள். கொரோனா வந்து மீண்டவர்களின் சராசரித் தடுப்பு ஆன்டிபாடியை நூறு என்று வைத்தால், அறிகுறியோடு நோய் வருவதிலிருந்து பாதிப் பாதுகாப்பு கிடைக்கச் சுமார் 20 வேண்டும், கடும் நோயிலிருந்து அதே பாதுகாப்பு கிடைக்கச் சுமார் 3 போதும். நல்ல உடம்புக்காரருக்கு 22 மடங்கு சரிந்தாலும் அந்த மூன்றின் பக்கத்தில் எங்காவது நிற்பார். காய்ச்சலும் சளியும் வந்து போகும், ஆஸ்பத்திரி வரை போகாது.

என் சித்தப்பாவின் 38 எங்கே நின்றிருக்கும்?

மைக்கோஃபெனோலேட் எடுப்பவரின் நிணநீர்க் கணுவில் அந்தத் திருத்தி எழுதும் வேலை சரியாக நடப்பதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ ஊசி இரண்டு தவணை போட்ட, உறுப்பு மாற்று செய்துகொண்ட 658 பேரைச் சோதித்துப் பார்த்ததில் 46 விழுக்காட்டினருக்கு அளக்கும்படியான ஆன்டிபாடியே வரவில்லை. வந்தவர்களுக்கும் கூட்டம் சிறியது, வகை குறைவு. அந்தச் சிறு கூட்டத்தில் பெரும்பகுதி ஒமிக்ரானிடம் வழுக்கிவிட்டால், மிச்சம் இருப்பது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வயதானவர்களுக்கும் இதே கதை, இத்தனை கடுமையாக இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். மற்றவர்களுக்கு இரண்டாம் அரணாக இருக்கும் நினைவு செல்களும் மூன்றாம் அரணாக இருக்கும் டி செல்களும் இவர்களுக்கு மெலிந்து கிடக்கின்றன. ரத்தத்தில் தயாராக நிற்கும் ஆன்டிபாடியை நம்பித்தான் இவர்கள் இருக்கிறார்கள், அது உலவுகிற வைரஸைப் பிடிப்பதாக இருக்க வேண்டும்.

வைரஸ் முதல் ஒமிக்ரானோடும் நிற்கவில்லை. அதன் கிளைகளாக 2022-இல் எக்ஸ்பிபி வந்தது, 2023 ஆகஸ்டில் பிஏ.2.86 வந்தது. அந்தப் பிஏ.2.86-இல் ஸ்பைக்கின் 455-ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் செரின் வந்தது, ஒரே ஒரு எழுத்து மாற்றம். அதற்குப் பெயர் ஜேஎன்.1. இந்தியாவில் 2023 டிசம்பரில் கேரளத்தில் கண்டுபிடித்தார்கள், சில மாதத்துக்குள் உலகம் முழுக்க அதுவும் அதன் பிள்ளைகளும்தான். என்பி.1.8.1-உம் அந்தக் குடும்பத்தின் வாரிசே. இவையெல்லாம் 2020-இன் வைரஸிடமிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் மக்களுக்குப் போட்ட 220 கோடித் தவணைகளில் ஏறக்குறைய அத்தனையும் அந்த 2020-இன் அளவில் தைத்தவை.

பழைய ஊசியையே இன்னொரு முறை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் அது ஓரளவு பொருந்தும். முதலில் பார்த்த வைரஸின் முகத்தை அது மறக்காது, புதிதாக எதைக் காட்டினாலும் பழைய முகத்தோடு ஒத்துப்போகும் இடங்களைப் பிடிக்கும் செல்களையே திரும்பத் திரும்ப எழுப்பும். இன்ஃப்ளூயன்ஸாவில் இதைப் பார்த்த தாமஸ் பிரான்சிஸ் 1960-இலேயே இதை முதல் ஆன்டிஜெனின் பாவம் என்று அழைத்தார். பழையதும் ஒமிக்ரானும் பாதிப் பாதி கலந்த ஊசியை 2022-இல் அமெரிக்காவில் போட்டபோது, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து டேவிட் ஹோ, பாஸ்டனின் டான் பரூக் இருவரின் குழுக்களும் தனித்தனியாகச் சோதித்து, பழைய ஊசியைவிட இது பெரிதாக ஒன்றும் கூடுதலாகத் தரவில்லை என்று எழுதின. பழைய முகத்தை மறுபடி காட்டியதால் பழைய செல்களே முந்திக்கொண்டன. அதனால்தான் 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, பழைய வைரஸை ஊசியிலிருந்து அடியோடு எடுத்துவிட்டு எக்ஸ்பிபி.1 வழியை மட்டும் வையுங்கள் என்றது. அப்படிச் செய்த ஊசி எக்ஸ்பிபியை மட்டும் இல்லாமல் பின்னால் வந்த ஜேஎன்.1-ஐயும் ஓரளவு பிடிக்கும் ஆன்டிபாடியைத் தந்தது. 2024 ஏப்ரலில் ஜேஎன்.1-க்கு மாற்றச் சொன்னார்கள். பழக்கம் மாறாதது இல்லை, பழைய முகத்தைக் காட்டாமல் புதியதைக் காட்டினால் மாறுகிறது.

இந்தியாவிலும் ஒமிக்ரானுக்கென்று புனேயின் ஜெனோவா நிறுவனம் செய்த ஜெம்கோவாக்-ஓஎம் ஊசிக்கு 2023 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது. தோலுக்குள் ஊசியில்லாக் கருவியால் செலுத்துவது, சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி வெப்பத்திலேயே வைக்கலாம், நம் ஊருக்கு ஏற்றது. பெருமையாக இருந்தது. ஆனால் அது முதல் ஒமிக்ரானுக்குச் செய்தது, வைரஸ் அதையும் தாண்டிப் போய்விட்டது. மதுரையில் நான் விசாரித்த எந்த மருத்துவமனையிலும் அது கிடைக்கவும் இல்லை.

என்னை அதிகம் வருத்தும் செய்தி இன்னொன்று. நோவாவாக்ஸ் நிறுவனத்தின் புரதத் தடுப்பூசியை எக்ஸ்பிபி.1.5-க்கும் பிறகு ஜேஎன்.1-க்கும் புதுப்பித்து அமெரிக்காவுக்கு விநியோகித்தார்களே, அதைத் தயாரித்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். புதுப்பித்த ஊசி செய்யும் கையும் ஆலையும் நம் நாட்டில் இருக்கின்றன. அது அங்கே ஒரு பாட்டியின் தோளில் ஏறுகிறது, மேலூரில் இருக்கும் பாட்டிக்கு இல்லை. பிரிட்டனில் 2025-இல் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், எதிர்ப்பு சக்தி குன்றியவர்களுக்கும் மட்டும் என்று குறுக்கி, அரசே இலவசமாகப் போட்டது. நான் கேட்பது அந்த அளவுக்குத்தான். இருபது வயதுப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை, அவர்களின் நினைவு செல்கள் அவர்களைப் பார்த்துக்கொள்ளும். காசநோய்க்கும் தட்டம்மைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தை எல்லாருக்கும் கொரோனா பூஸ்டர் என்று கொட்டச் சொல்லவும் இல்லை.

பிறநாட்டுச் சோதனைகளை வைத்தே நாம் முடிவெடுக்க முடியாது என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலே நான் சொன்னவற்றில் பெரும்பாலானவை எம்ஆர்என்ஏ ஊசி போட்டவர்களின் சீரத்தில் செய்தவை. நம் மக்களின் உடம்பில் எழுதியிருக்கும் வரலாறே வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நான்காம் ஆன்டிபாடிக் கணக்கெடுப்பில், 2021 ஜூன், ஜூலையில் 67.6 விழுக்காட்டினருக்கு ஆன்டிபாடி இருந்தது, அதில் பெரும்பகுதி டெல்டா அலையில் பட்டு வந்தது. சிலர் ஊசிக்கு முன் தொற்று கண்டவர்கள், சிலர் பின். கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு நடுவே நான்கு வாரம் விட்டவர்களும் உண்டு, 2021 மே மாதத்துக்குப் பின் பன்னிரண்டு, பதினாறு வாரம் விட்டவர்களும் உண்டு. கோவிஷீல்டில் சிம்பன்சி அடினோவைரஸில் ஏறி வந்த ஸ்பைக், கோவாக்சினில் கொன்ற முழு வைரஸ், நடுவில் டெல்டா, பிறகு ஒமிக்ரான். இப்படிப் பழகிய ஒரு கூட்டம் ஜேஎன்.1-ஐயும் அதன் பிள்ளைகளையும் எப்படிப் பிடிக்கிறது என்பதை பாஸ்டனின் சீரம் சொல்லாது. மதுரை சீரமும் பாட்னா சீரமும் சொல்ல வேண்டும். புனே தேசிய வைராலஜி நிறுவனம் கோவாக்சின் போட்டவர்களின் சீரத்தை ஆல்பா, பீட்டா, டெல்டா ஒவ்வொன்றுக்கும் எதிராகச் சோதித்து வெளியிட்ட காலம் எனக்கு நினைவிருக்கிறது. அன்று முடிந்தது இன்றும் முடியும். எந்தத் திரிபு ஊருக்குள் வந்திருக்கிறது என்று இன்சாகாக் சொல்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, வயது வாரியாக, ஊசி வாரியாக, மாற்று உறுப்பு உள்ளவர்களுக்குத் தனியாக, நம் சீரம் அதை எவ்வளவு தடுக்கிறது என்ற ஒரு பட்டியல் வர வேண்டும். மாவட்ட மருத்துவமனை டாக்டர் அதைப் பார்த்தால் தன் முன்னால் உட்கார்ந்திருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்குப் பதில் சொல்ல முடியும். இப்போது அவர் டிவியில் வருவதைத்தான் சொல்கிறார்.

ஆன்டிபாடித் தாள்களைப் பற்றியும் உங்கள் பரிந்துரையில் ஒரு வரி சேருங்கள். கிட்டில் எந்த வைரஸின் புரதம் இருக்கிறது, ஸ்பைக்கா உள் புரதமா, உலக சுகாதார நிறுவனத்தின் பொது அலகில் அது எவ்வளவு, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு எண்ணையும் தாளில் போடக் கூடாது என்று சொல்லுங்கள். பச்சை எழுத்தில் பாசிட்டிவ் என்று போட்டு, எதிர்ப்பு சக்தி உள்ளது என்று எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்துக்கு என்ன விலை என்று மேலே எழுதிவிட்டேன்.

அன்று போனில் சித்தப்பாவிடம் நான் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "கொஞ்சம் பிடிக்கும் சித்தப்பா. உங்களுக்கு அந்தக் கொஞ்சம் பத்தாது. கூட்டத்துக்குப் போகாதீங்க, மாஸ்க் போடுங்க, காய்ச்சல் அடிச்சா அன்னைக்கே கூப்பிடுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புது ஊசி இருக்குன்னு சொல்றாங்களே, அது எங்க போட்றாங்க?" என்றார்.

அடுத்த மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அவருக்கு நெஃப்ராலஜி ஓ.பி. நான்தான் கூட்டிப்போகிறேன். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் அதையே மறுபடி கேட்பார். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும் என்பதை எனக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன் ஒருத்தி,
மதுரை.